தாம்பூலப் பையில் வந்த மூக்கு மருந்து

1

அமெரிக்காவுக்கு வந்த பிறகு நவராத்திரி எங்களுக்கு ஒரு கார் பந்தயமாகிவிட்டது. ஒன்பது நாளையும் வார இறுதிக்குள் அடைக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் பட்டுப்புடவையோடு கிளம்பினால், சான் ஹோசேயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வீடு வீடாகப் போய், எல்லா வீட்டிலும் அதே கொண்டைக்கடலைச் சுண்டலைத் தின்று, கொலுப் படிகளைப் பார்த்து "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லி, ஒரு பாட்டை அரைகுறையாகப் பாடி, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலில் பார்க்கிங் தேட வேண்டும். இடையில் ஃப்ரீவேயில் டிராஃபிக் இருந்தால் ஒரு வீட்டை வெட்டிவிடுவோம். யார் வீட்டை வெட்டினோம் என்பதை வைத்து அடுத்த வருடம்வரை மனஸ்தாபம் ஓடும்.

தாம்பூலப் பையைப் பற்றி ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி, ஒரு சின்னப் பரிசு. இதில் வெற்றிலை மட்டும்தான் அந்த வருடத்துச் சரக்கு. மற்றதெல்லாம் சுற்றில் இருப்பவை. வந்த துணியை யாரும் தைத்துக்கொள்வதில்லை, அப்படியே அடுத்த பையில் போடுவோம். மாம்பழ மஞ்சளில் ஊதா பார்டர் போட்ட ஒரு துணியை நான் ஊரிலிருந்து வாங்கி வந்து ஒருத்திக்குக் கொடுத்தேன். சில வருடங்கள் கழித்து அது என்னிடமே திரும்பி வந்தது. பழைய சிநேகிதியைப் பார்த்ததுபோல் சந்தோஷமாக இருந்தது. மறுநாளே வேறொருத்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்த பைகளை எல்லாம் டைனிங் டேபிளில் கொட்டி, எது எனக்கு, எது சுற்றுக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தேன். உமா கொடுத்த பையில் வழக்கமான எவர்சில்வர் கிண்ணத்துக்குப் பதிலாக ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. கண்ணாடி கையில் இல்லை. எட்டப் பிடித்துப் பார்த்ததில் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே என்று மட்டும் தெரிந்தது. எனக்கு இந்தச் சீசனில் மூக்கு குழாய் மாதிரி ஒழுகும் என்பது ஊருக்கே தெரியும். இத்தனை வருடத்தில் உமா முதல்முறையாக உபயோகமான ஒன்றைக் கொடுத்திருக்கிறாள் என்று மனதாரப் பாராட்டிவிட்டு, பெட்டியைப் பிரித்து, தலையை அண்ணாந்து, மூக்கருகில் கொண்டுபோனேன்.

2

"அம்மா! ஸ்டாப்!"

கல்லூரி விடுதியிலிருந்து அழுக்குத் துணியோடு வந்திருந்த என் மகள் நிலா, மாடிப்படியில் இருந்து கத்தினாள். நான் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டுச் சம்பிரதாயம். அவள் பதற்றத்தில்தான் தமிழ் லேசாக எட்டிப்பார்க்கும்.

"அது அலர்ஜிக்கு இல்லம்மா. இட்ஸ் நலோக்ஸோன்."

போதை மருந்து அளவுக்கு மீறிப் போய் மூச்சு நிற்கும் நிலையில் இருப்பவரின் மூக்கில் இதை அடித்தால் மூச்சு திரும்புமாம். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்குமாம். எனக்கு அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, ஒரு டோஸ்தான் வீண் என்றாள்.

"உனக்கு எப்படிடி இதெல்லாம் தெரியும்?"

"ஐ ஹாவ் ஒன்," என்று தன் முதுகுப்பையைத் திறந்து அதேபோல ஒரு பெட்டியைக் காட்டினாள்.

அடுத்த சில நொடிகளில் நான் அவள் கண்ணைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், உடம்பு இளைத்திருக்கிறதா என்று பார்த்தேன். அவள் புரிந்துகொண்டு கண்ணை உருட்டினாள்.

"நாட் ஃபார் மீ, அம்மா. இட்ஸ் ஃபார் அதர் பீப்பிள். யாராவது விழுந்தா. டார்ம்ல நிறைய பேர் வெச்சிருப்போம்."

நான் சேலத்தில் படித்த காலத்தில் பெண்களின் கைப்பையில் ஒரு சேஃப்டி பின்னும் தலைவலித் தைலமும் இருக்கும். யாராவது அவசரத்துக்குக் கேட்டால் கொடுப்போம். இவள் பையில் அடுத்தவர் மூச்சு இருக்கிறது. பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாதபோது வாயிலிருந்து வருவது அதுதான்.

பிறகுதான் மண்டையில் உறைத்தது. இது உமா வீட்டிலிருந்து வந்திருக்கிறது. உமா யார்? ரகு சாரின் மனைவி. ரகு சார் யார் என்பதைச் சொன்னால்தான் இது ஏன் பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும்.

3

எங்கள் வட்டாரத் தமிழ்க் குழுவுக்கு ரகு சார்தான் தலைவர். தேர்தல் வைத்தால் தோற்றுவிடுவார் என்று பயந்து நாங்கள் தேர்தல் வைப்பதில்லை, ஏனென்றால் அவர் தோற்றால் ஹால் புக் பண்ண ஆள் கிடையாது. அந்த மாதம் அவருக்கு ஒரு பெரிய வேலை கிடைத்திருந்தது.

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. போதைப் பழக்கம் உள்ளவர்கள் தாங்கள் வாங்கி வந்ததை, நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் இடத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளலாம். மருந்தை அங்கே யாரும் தர மாட்டார்கள். மூச்சு நின்றால் காப்பாற்றுவார்கள், பழக்கத்தை விட நினைத்தால் வழி காட்டுவார்கள். அப்படி ஓர் இடத்துக்கு லைசென்ஸ் தரலாமா என்பதுதான் பேச்சு. சரியாகச் சொன்னால் அதுகூட இல்லை. லைசென்ஸ் தர மாநிலம் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்டு மாநிலத்துக்குக் கடிதம் எழுதலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு கூட்டம். கிரீன் கார்டுக்கு வரிசையில் நின்றே முடி நரைத்த எங்களுக்கு இந்த மாதிரி ஏற்பாடெல்லாம் சொன்னவுடன் புரிந்துவிடும்.

கடிதத்தின் வரைவில் சொல்லியிருந்த இடம் எங்கள் தமிழ்ப் பள்ளிக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. ரகு சார் வாட்ஸப்பில் குரல் பதிவாகப் பொழிந்தார்.

"நாம டேக்ஸ் கட்டறோம். நம்ம வீட்டு வேல்யூ என்ன ஆகும்? நம்ம பசங்க அந்த ரோட்ல எப்படி நடப்பாங்க? இந்த ப்ராப்ளம் எல்லாம் நம்ம கம்யூனிட்டில கிடையாது. எல்லாரும் மஞ்சள் டி-ஷர்ட் போட்டுட்டு வந்துடுங்க. இட்லி அரேஞ்ச் பண்ணியாச்சு."

நம் பிள்ளைகள் எந்த ரோட்டிலும் நடப்பதில்லை. பக்கத்துத் தெருவுக்கும் காரில்தான் போவார்கள். ஆனால் அதைக் குழுவில் சொன்னால் இட்லி டிப்பார்ட்மென்ட்டை என் தலையில் கட்டிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்படியும் தப்பவில்லை. ரகு சார் நேரில் வந்தார்.

"சுதா மேடம், நீங்க பேசணும். ஒரு நிமிஷம்தான் குடுப்பாங்க. உங்களுக்குத்தான் ஆக்சென்ட் கம்மி. அதுவும் நீங்க ஒரு மதர்."

சரி என்றேன். எனக்கும் அந்த இடம் வேண்டாம் என்றுதான் தோன்றியது. கவுன்சிலிங்குக்குக் கூட்டிப்போகாமல், உட்கார இடமா போட்டுக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

இத்தனைக்கும் நான் வந்த ஊர் எது? அரசாங்கமே சாராயம் விற்கும் ஊர். பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்க பாருக்கு லைசென்ஸ், தொட்டுக்கொள்ள அவித்த முட்டை. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் மாமா ஒருவர் சம்பள நாளன்று தவறாமல் ஏதாவது ஒரு கடை வாசலில் விழுவார். கடைக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். திட்டிக்கொண்டே அவரைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்கவைத்து, வேட்டியைச் சரிசெய்து, எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். அத்தைக்கு மானம் போனது, மாமாவுக்கு உயிர் போகவில்லை. கடைசியில் சர்க்கரை வியாதியில்தான் போனார், அதுவும் எண்பது தாண்டி.

இங்கே யாரும் தெருவில் விழுவதில்லை. ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒரு பாத்ரூம், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு தாழ்ப்பாள். வீடு வாங்கும்போது அதைத்தான் முதலில் எண்ணிப் பார்த்தோம்.

4

திங்கட்கிழமை பெட்டியோடு உமா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு ஒரே பையன், டெக்ஸாஸில் கேட்டி என்ற ஊர்ப் பக்கம் எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறான். போகும் வழியெல்லாம் அவன் முகத்தை நினைத்துக்கொண்டே போனேன். பாவம், அவனுக்கா இப்படி என்று மனதுக்குள் ஒரு சீரியலே ஓட்டிவிட்டேன்.

உமா பெட்டியை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி போட்டு மறுபடி பார்த்தாள். முகம் வெளிறியது.

"சுதா, சத்தியமா இது எங்களது இல்ல. எனக்கு வந்ததைத்தான் உனக்குக் குடுத்தேன். நான் எந்தப் பெட்டியையும் திறந்து பாக்கறதே இல்ல, நீ பாப்பியா?"

"நானும் பாக்க மாட்டேன்."

"யார் வீட்ல குடுத்தாங்கன்னு ஞாபகமே இல்லடி. எல்லாப் பையும் ஒரே மாதிரி. ரகுகிட்ட சொல்லாத. மீட்டிங் முடியட்டும்."

நம் கம்யூனிட்டியில் இல்லாத பிரச்சினை எங்கள் வீடுகள் வழியாகவே தாம்பூலத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் யோசித்து, மறுநாள் காலை பெண்கள் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "தாம்பூலப் பையில் ஒரு மருந்து தவறுதலாக வந்திருக்கிறது. உரியவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். யார் என்று கேட்க மாட்டேன்." குட் மார்னிங்குக்கு ஐம்பது பூங்கொத்து வரும் அந்தக் குழுவில் ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை.

மதியம் வாசல் மணி அடித்தது. பிரேமா நின்றிருந்தாள். வெளியே அவள் காரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

பிரேமாவும் நானும் ஒரு காலத்தில் உயிர்த் தோழிகள். அவள் மகன் கௌதமையும் நிலாவையும் ஒரே காரில் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிப்போவோம். அப்புறம் அவள் வருவதைக் குறைத்துக்கொண்டாள். அவளுக்கும் கணவர் சுந்தருக்கும் பெரிய வீடு வாங்கிய திமிர் என்று பேசிக்கொண்டோம். கௌதம் ஆஸ்டினில் ஒரு ஸ்டார்ட்அப்பில் இருக்கிறான் என்றார்கள். அந்தக் கம்பெனியில் பங்கு வாங்க முடியுமா என்று என் கணவர் விசாரித்ததுகூட உண்டு.

"அது என்னோடது," என்றாள்.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"கௌதம் வீட்லதான் இருக்கான். ஆஸ்டினும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலேஜ்ல முதுகுவலிக்குன்னு யாரோ மாத்திரை குடுத்திருக்காங்க. அப்படி ஆரம்பிச்சது. பழக்கத்த விடறதுக்கு ரிஹாப் போனான், நல்லா வந்தான். திரும்பவும் ஆச்சு. திரும்பவும் அனுப்பினோம். இப்போ அடுத்த இடத்துக்கு வெயிட்டிங். ஒரு தடவை பாத்ரூம்ல நீலமா கெடந்தான் சுதா. நான்தான் இத அடிச்சேன். அதுலேர்ந்து வீட்ல ஒவ்வொரு ரூம்லயும் ஒண்ணு வெச்சிருக்கோம்."

"பைக்குள்ள எப்படி...?"

"எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்களேன்னுதான் இந்த வருஷம் கொலு வெச்சேன். பை ரொப்பறதுக்கு சுந்தர் ஹெல்ப் பண்ணார். ரிட்டர்ன் கிஃப்ட் பெட்டியும் இதுவும் ஒரே கப்போர்டு. மனுஷன் தூங்கியே நாளாச்சு, எத எடுத்துப் போட்டாரோ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கக் கூடாத இடம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"இப்போ யார் இருக்கா அவன்கூட?"

"சுந்தர். பாத்ரூம் வாசல்ல நாற்காலி போட்டு ஆபீஸ் மீட்டிங் எடுக்கறார். வீடு தெரியக் கூடாதுன்னு பின்னாடி தொங்குபாலம் படம் போட்டுப்பார். நான் ஓடணும். அடுத்த மீட்டிங்ல அவர் கேமரா முன்னாடி பேசணும், நாற்காலிக்கு நான் போகணும்."

அவள் படியிறங்கும்போது என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பிரேமா, வியாழக்கிழமை அந்தக் கவுண்டி மீட்டிங்ல நான் பேசறேன். வேண்டாம்னு."

"தெரியும். ரகு சார் மெசேஜ் பாத்தேன்," என்றாள். "பேசு. உன் இடத்துல இருந்தா நானும் அதான் பேசியிருப்பேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

5

கவுண்டிக் கட்டிடத்து ஹாலில் எங்கள் மஞ்சள் டி-ஷர்ட் கூட்டம் சாமந்திப்பூவைக் கொட்டியதுபோல் இருந்தது. உள்ளே சாப்பாடு கூடாது என்று காவலர் சொல்லிவிட்டதால் இட்லி வாசலிலேயே நின்றது. பேச விரும்புகிறவர்கள் வரிசையில் நின்றோம். எனக்குப் பின்னால் உமா.

ரகு சார் நன்றாகத்தான் பேசினார். குழந்தைகள், பாதுகாப்பு, கலாசாரம். "இன் அவர் கம்யூனிட்டி" என்று ஆரம்பித்தபோது நானும் உமாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்தோம்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். எழுதி வைத்திருந்ததைப் படிப்பதா, கிழிப்பதா என்று அந்த நொடிவரை எனக்கே தெரியாது. அப்போதுதான் பின்வரிசையில் கதவை ஒட்டி நின்றிருந்த பிரேமாவைப் பார்த்தேன். வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். எதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாமல்தான் வந்திருப்பாள்.

இங்கே ஒருவர் தன் நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம்; முன்னால் யாரோ அப்படிச் செய்ததைப் பார்த்திருந்தேன். "என்னுடைய நிமிடத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கிறேன்," என்று கை காட்டினேன். ரகு சார் கட்டைவிரலை உயர்த்தினார். இன்னொரு மதர் என்று நினைத்துவிட்டார்.

பிரேமா ஆங்கிலத்தில்தான் பேசினாள். எனக்கு ஞாபகம் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன்.

"நீங்கள் சொல்லும் இடம் என் வீட்டு மாடியில் ஏற்கனவே நடக்கிறது. லைசென்ஸ் கிடையாது. நர்ஸ் கிடையாது. நானும் என் கணவரும்தான் வேலை செய்கிறோம், லீவு கிடையாது. என் மகன் உள்ளே இருப்பான். நான் வெளியே உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பேன். அவன் 'ம்' என்றால் நான் மூச்சு விடுவேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், பூட்டி வைத்துப் பார்த்தோம், கோயிலுக்குக் கூட்டிப்போனோம். அவனுக்கு மறுபடி சிகிச்சைக்கு இடம் கிடைக்கும். கிடைக்கும்போது அவன் உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் செய்யும் வேலை."

மணி அடித்தது. தலைவராக உட்கார்ந்திருந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டார்: "மேடம், பதிவுக்காகக் கேட்கிறேன். நீங்கள் இதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?"

பிரேமா கொஞ்சம் யோசித்தாள்.

"ஐ ஆம் டயர்டு," என்றாள்.

அவர் அதை எந்தக் கட்டத்தில் எழுதினாரோ தெரியாது. அடுத்த பெயர் உமாவுடையது. மஞ்சள் டி-ஷர்ட்டோடு மைக்குக்குப் போனவள் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஐ கிவ் மை மினிட் ஆல்சோ டு ஹர்," என்றாள். பிரேமாவுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நிமிடம் முழுக்க அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். ரகு சார் உட்கார்ந்த இடத்தில் தன் டி-ஷர்ட்டில் எழுதியிருந்ததைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டு எல்லோரும் மனம் மாறி, கடிதம் பறந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கடிதத்தின் வாசகத்தைப் பரிசீலிக்க ஓர் உபகுழு போட்டு, விஷயத்தைத் தள்ளிவைத்தார்கள். உபகுழு இன்னும் கூடவில்லை என்று கேள்வி.

6

எங்கள் ஆட்கள் பாதிப்பேர் பிரேமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மீதிப்பேர் கூட்டும் ரசமும் கொண்டுபோய் வைத்தார்கள். ரகு சார் குழுவில் ஒரு வாரம் எதுவுமே பேசவில்லை. அவர் தலைவரான பிறகு அது நடந்ததே இல்லை. பிறகு ஒரு நாள் பிரேமா வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், சிகிச்சை இடம் ஒன்றை நடத்துகிற டாக்டர் தனக்குத் தெரிந்தவர் என்று ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்த இடத்திலும் வரிசைதான். ஆனால் கொஞ்சம் சின்ன வரிசை.

பிரேமாவுக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை. அவளிடமே கேட்டேன், என்னதான் வேணும் என்று. "தூங்கணும்," என்றாள். அதனால் வியாழன் மதியம் நானும் செவ்வாய் மதியம் உமாவும் போகிறோம். அவள் வீட்டில் கொலுவைப் பிரித்த பிறகும் பொம்மைகள் ஹாலிலேயே கிடக்கின்றன, பெட்டியில் போட ஆள் இல்லாமல்.

முதல் நாள் நான் போனபோது மாடியில் அந்த நாற்காலியைக் காட்டினாள். ஸ்ப்ரேயை என் கையில் கொடுத்து, எப்படி அடிக்க வேண்டும், உடனே யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அந்த பாத்ரூம் கதவில் இப்போது தாழ்ப்பாள் கிடையாது.

"பேசிக்கிட்டே இரு. என்ன வேணா பேசு. அவன் பதில் சொல்லணும், அதான்."

சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்ப் படுத்தாள். நான் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் ஒரு மூடிய கதவிடம் என்ன பேசுவதென்று நான் யோசித்ததே இல்லை.

"கௌதம், நான் சுதா ஆன்ட்டி."

"ஐ நோ, ஆன்ட்டி. சாரி."

"எதுக்குடா சாரி?"

"யு ஹாவ் டு சிட் ஹியர்."

"வீட்ல இருந்தா துணி மடிக்கணும். இது எவ்வளவோ தேவல."

உள்ளே சின்னதாக ஒரு சிரிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். மிஞ்சிப்போன மஞ்சள் டி-ஷர்ட்டுகளை வைத்து ரகு சார் வீட்டில் கார் துடைப்பதைச் சொன்னேன். இட்லியைக் கவுண்டிக் காவலர்களே கடைசியில் தின்று தீர்த்ததைச் சொன்னேன். "நோ வே," என்றான். "ம்," என்றான். அவன் குரல் வரும்போதெல்லாம் என் தோள் தளர்ந்தது, அடுத்த விஷயத்தைத் தேடினேன். ஒருத்தர் இதை ராவும் பகலும் எப்படிச் செய்ய முடியும் என்று புரியவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பிரேமாவின் குறட்டை கேட்டது. படுத்த சில நிமிடங்களில் வந்த குறட்டை, கட்டை வண்டி மேடு ஏறுகிற சத்தம். அவ்வளவு சத்தமாக ஒரு பெண் தூங்கி நான் கேட்டதில்லை. இவளைத்தான் திமிர் பிடித்தவள் என்று ஊரெல்லாம் பேசினோம். அழுகை வந்துவிட்டது, நன்றாகவே வந்துவிட்டது. சத்தம் வெளியே வரக் கூடாதென்று புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். பேச்சு நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. உள்ளேயிருந்து.

"ஆன்ட்டி? ஆர் யு ஓகே?"

தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். மறுபடி தட்டினான், இந்த முறை வேகமாக.

"ஆன்ட்டி, ப்ளீஸ். ஏதாவது சொல்லுங்க."

"இருக்கேன்டா கண்ணா," என்றேன். "நீ இருக்கியா?"

"இருக்கேன்," என்றான்.